இரண்டு கரைக்கும் ஒரே பாடம்

விசில்காரருக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்தால் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, ஓய்வுக்குப் பிறகும் இறங்கவில்லை. தெருமுனையில் நின்று அவர் யாரையாவது நலம் விசாரித்தால் கடைசி வீட்டுக்காரர் "நல்லா இருக்கேன்" என்று பதில் சொல்லிவிடுவார். அப்படி ஊர் வைத்த பெயர்தான் விசில்காரர்.

அன்று காலை அவர் முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தபோதே ஏதோ இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம்தான் வந்து வெட்டிக்கொண்டு போயிருந்தார்.

"விஷயத்தைச் சொல்லிட்டு உட்காருங்க. கத்தி கையில இருக்கும்போது நீங்க தலையை ஆட்டினா நான் பொறுப்பு இல்ல."

"என் மருமகளைத் தேர்ந்தெடுத்திருக்காங்கப்பா! நாடு முழுக்க இருக்கிற சரித்திர டீச்சருங்கள்ல ஆறே பேர். அதுல நம்ம வீட்டுப் பொண்ணு ஒண்ணு. புத்தகம் எழுதப் போறா. அவ எழுதினதை எட்டாம் கிளாஸ் பிள்ளைங்க அத்தனை பேரும் படிக்கணும்."

"அடேங்கப்பா! என்ன புத்தகம்?"

"பொது வரலாறு." விசில்காரரின் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது. "அக்கரைப் பிள்ளைங்களுக்கும் இதே புத்தகம்தான்."

நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்த மாவு மில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ அக்கரைக்காரனோட சேர்ந்து எழுதப் போகுதா உங்க மருமக?"

"இங்க ஆறு பேர், அங்க ஆறு பேர். ரெண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டிருக்கு."

"அரசாங்கம் போடும். அவங்க வீட்டுலயா சாவு விழுந்துச்சு? உங்க மூத்த பையன் பேர்ல தெரு இருக்கிற ஊரு இது. ரொம்ப நல்லாருக்கு." மில்காரர் மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

விசில்காரர் முடி வெட்டாமலே எழுந்து வந்துவிட்டார்.

மில்காரர் சொன்னது பொய்யில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர். நடுவில் நாட்டு எல்லை. பேசுகிற மொழிகூட ஒன்றுதான். அக்கரைக்காரர்கள் ஒவ்வொரு வார்த்தையையும் வாலைப் பிடித்து இழுத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு காலத்தில் விசில்காரரே தினம் இரண்டு தடவை பாலத்தின் மேல் ரயிலை ஓட்டிக்கொண்டு போய் வந்தவர். அப்புறம் போர் வந்தது. அக்கரைக் குண்டு விழுந்து இந்த ஊர் ரயில் நிலையம் இடிந்தது. ஊரைவிட்டுப் போக வண்டிக்குக் காத்திருந்த ஜனங்கள் நடைமேடையிலேயே செத்தார்கள். இந்தக் கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டார்கள். தண்ணீர்த் தொட்டி மேட்டில் பீரங்கியோடு நின்ற விசில்காரரின் பெரிய பையன், போர் முடிகிற சமயத்தில் அங்கேயே குண்டுபட்டு இறந்துபோனான். அவன் பெயரை ஒரு தெருவுக்கு வைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் மாலை போடும்போது விசில்காரர் முன்வரிசையில் நிமிர்ந்து நிற்பார். மனைவி போரெல்லாம் வருமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது வீட்டில் அவர், தண்ணீர் வாரியத்தில் மோட்டார் பழுது பார்க்கும் சின்னவன், அவன் மனைவியான இந்த டீச்சர், மூன்றே பேர்தான்.

புத்தகத்தில் நான்காவது பாடம் இந்த இரண்டு ஊர்களின் போர். அதை எழுத இங்கிருந்து அவளையும் அங்கிருந்து ஒரு வாத்தியாரையும் போட்டிருந்தார்கள். பாலத்து முனையில் சுங்கச் சாவடி மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நின்றால் புழுக்கம், சுற்றினால் காகிதமெல்லாம் பறக்கும் ஒரு மின்விசிறி. சனிக்கிழமைதோறும் அங்கே போவாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது விசில்காரர் ஆவலாகக் கேட்பார்.

"இன்னைக்கு எவ்வளவு எழுதினீங்க?"

"ஒரு வரி எழுதி ரெண்டு வரி அடிச்சோம் மாமா."

"அது எப்படிம்மா?"

"போன வாரம் எழுதினதுலயும் ஒண்ணு அடிச்சோம்."

சின்னவன் சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவள் சிரிக்கவில்லை.

"எதிரிங்கிற வார்த்தையிலயே மூணு வாரம் போச்சு மாமா. நம்ம புத்தகத்துல எதிரின்னா அவங்க. அவங்க புத்தகத்துல எதிரின்னா நாம. இப்போ ஒரே புத்தகம். அந்த வார்த்தை யார் தலையில போய் உட்காரும்? அவர் அடிக்க மாட்டேன்னார், நானும் அடிக்க மாட்டேன்னேன். கடைசியில ரெண்டு பேரும் பேனாவை ஒண்ணா எடுத்து அடிச்சோம்."

"அப்படி அடிச்சிட்டா செத்தவங்க திரும்பி வந்துடுவாங்களா?"

"வர மாட்டாங்க மாமா. ஆனா எட்டாம் கிளாஸ் பிள்ளை ஒண்ணு ஆத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தா அங்க என்ன தெரியணும்? அதுதான் எங்க சண்டை."

இந்தப் பேச்சு அவருக்கு முழுசாகப் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. நம் வீட்டுப் பெண் இப்படிப் பேசுகிறாளே என்று உள்ளே ஒரு மிதப்பு. மில்காரர் கேட்டால் என்ன சொல்வார் என்று ஒரு உறுத்தல்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. சாப்பிட உட்கார்ந்தும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நான் ஒரு யோசனை சொன்னேன் மாமா. நான் எழுதினா நம்ம ஸ்டேஷன்ல செத்தவங்களைப் பத்தியே எழுதுறேன். அவர் எழுதினா அவங்க சந்தையில செத்தவங்களைப் பத்தியே எழுதுறார். அதனால மாத்திக்கலாம்னேன். எங்க ஸ்டேஷனை நீங்க எழுதுங்க, உங்க சந்தையை நான் எழுதுறேன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ரொம்ப நேரம் ஜன்னல்கிட்ட நின்னார். அப்புறம், சரி, அப்போ எங்க ஊருக்கு வந்து கேட்டு எழுதுங்கன்னார்."

"நல்ல யோசனைதானேம்மா. இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?"

அவள் கணவனைப் பார்த்தாள். சின்னவன் தலையை அசைத்தான். அவனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள் போல.

"அந்தச் சந்தை மேல விழுந்த குண்டு, தண்ணித் தொட்டி மேட்டுல இருந்து போனது மாமா. அதை எழுதாம அந்தப் பாடத்தை எழுத முடியாது. பத்திரிகையில வந்து நீங்க தெரிஞ்சுக்கக் கூடாது. அதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன்."

விசில்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். "தண்ணித் தொட்டி மேட்டுல நின்னது யாருன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சும் எழுதுவே?"

"பேர் எழுத மாட்டேன். ஆனா எழுதுவேன்."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருக்குக் கோபம் அவள் மேல் மட்டும் என்றால் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்திருப்பார். அவள் சொன்னது அவருக்குப் புதிதில்லை. அதுதான் பிரச்சினை. சந்தையில் குண்டு விழுந்து இரண்டு நாள் கழித்து, பெரியவன் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்திருந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அடுக்களை வாசலில் நின்று தண்ணீர் குடித்தான். "ராணுவ லாரி நிக்குதுன்னு சொன்னாங்கப்பா. சுட்டோம். அப்புறம் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். லாரியே இல்ல. கூடைப்பா. காய்கறிக் கூடையா உருண்டு கிடக்கு," என்றான். இவர் "போர்னா அப்படித்தான்டா" என்று சொல்லி அவன் தோளைத் தட்டினார். அதற்குப் பிறகு அவன் அதைப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கே வரவில்லை. இதை விசில்காரர் ஒருவரிடமும் சொன்னதில்லை; சின்னவனுக்குக்கூடத் தெரியாது. மாலை, தெருப் பலகை, முன்வரிசை எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கூடைகள் கிடந்தன.

மருமகளோடு பேச்சை நிறுத்தினார். தண்ணீர் வேண்டுமென்றால், "டேய், தண்ணி வேணும்னு சொல்லு," என்று சின்னவனிடம் சொல்வார். அவள் பக்கத்திலேயே நிற்பாள். சின்னவன் இரண்டு நாள் தபால்காரன் வேலை பார்த்துவிட்டு மூன்றாம் நாள், "எனக்கு இதுக்குச் சம்பளம் ஒண்ணும் தர்றதா தெரியல. நீங்களே கேட்டுக்கங்க," என்று மோட்டார் பழுது பார்க்கக் கிளம்பிவிட்டான்.

அவள் அக்கரைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். போகும்போது இருக்கிற தெம்பு வரும்போது இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஒருநாள் அவள் அப்படி உட்கார்ந்திருந்ததை உள்ளிருந்து பார்த்த விசில்காரர், தானே போய் டீ போட்டுப் படியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தார். அவள் குடித்தாள்.

அதற்குள் ஊரில் புகைய ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போடச் சொல்லிக் கேட்டார்கள். விசில்காரருக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் போனார். பின்பக்கச் சுவரில் சாய்ந்து, குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

மாவு மில்காரர்தான் முதலில் எழுந்தார். "பிள்ளைங்களைப் படிக்க அனுப்புறது நாட்டுப் பற்று வளரத்தான். நம்மளைக் கொன்னவங்க செத்ததுக்கு என் பேரன் ஏன் பாடம் படிக்கணும்?"

மருமகள் மேசைக்குப் பின்னால் நின்றாள். கை மட்டும் சாக்குக்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தது. "உங்க பேரன் இந்த ஊரை நேசிக்கட்டும். நானும் நேசிக்கிறேன், இங்கதான் வாழ்க்கைப்பட்டேன், இங்கதான் சாகப் போறேன். ஆனா நம்ம ஊரை நேசிக்கணும்னா அந்த ஊரைத் தெரியாமலே இருக்கணுமா? போன தடவை, அங்க இருக்கிறவன் மனுஷனே இல்லன்னு ரேடியோவுல சொன்னாங்க. நாம நம்பினோம். அங்கயும் அதையேதான் சொன்னாங்க. அவங்களும் நம்பினாங்க. அடுத்த தடவை எவனாவது அப்படிச் சொன்னா, இல்லையே, நான் படிச்சிருக்கேனேன்னு சொல்றதுக்கு ரெண்டு கரையிலயும் ஆள் வேணும். அந்த ஆளுங்க இப்போ எட்டாம் கிளாஸ்ல இருக்காங்க."

"இதெல்லாம் கேட்க நல்லாருக்கும்," மில்காரர் விடவில்லை. "புருஷனோட அண்ணன் ரத்தம் காயறதுக்குள்ள அவங்ககூட உட்கார்ந்து டீ குடிக்கிறவங்ககிட்ட வேற என்ன எதிர்பார்க்க முடியும்!"

ஊன்றியிருந்த குடை கீழே விழுந்தது. கூடத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர ஒரு குரல் வந்தது.

"யோவ்! அது என் பையன் ரத்தம்யா! அதை வச்சு என் மருமகளைத் திட்ட உனக்கு யார் உரிமை கொடுத்தா? பாடம் சரியில்லன்னா பாடத்தைத் திட்டு. பாடம் இன்னும் வரவே இல்ல. வரட்டும். நானும் திட்டுறேன். அதுவரைக்கும் உட்காரு!"

மில்காரர் உட்கார்ந்தார். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். விசில்காரர் குடையைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வரும்போது, யாருக்காகக் கத்தினோம், மருமகளுக்காகவா தனக்காகவா என்று நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்த மருமகள், "மாமா, ரொம்ப நன்றி," என்றாள். "நன்றி எல்லாம் இருக்கட்டும். அந்தாள் சொன்னதுல பாதி நானும் நினைச்சதுதான்," என்றார். எப்படியோ, பேச்சு திரும்பிவிட்டது.

அடுத்த வாரமே அக்கரை வாத்தியார் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வாசலில் குனிய வேண்டிய உயரம். "ஐயா, உங்க ஊர் பக்கத்தை நான் எழுதறேன். ஸ்டேஷன்ல இறந்தவங்க வீடுகளுக்கெல்லாம் போய்ட்டு வந்துட்டேன். உங்க பையனைப் பத்தியும் கேட்கணும். நீங்க சொல்ல மாட்டேன்னா எழுந்து போயிடறேன்," என்று வார்த்தைகளை நீட்டி நீட்டிச் சொன்னார்.

விசில்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டுல யாரு?"

"அக்கா. சந்தையில பட்டன், நூல் விக்கிற கடை வச்சிருந்தா."

கூடத்தில் இருந்த மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"என் பையன் எங்க நின்னான்னு தெரிஞ்சுதானே வந்திருக்கீங்க?"

"தெரிஞ்சுதான் வந்தேங்கய்யா. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை உங்க தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிட்டேன்."

விசில்காரர் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உட்காருங்க வாத்தியாரே."

உட்கார்ந்ததும் பேச்சு எங்கெங்கோ போனது. பெரியவனுக்குப் பல்லி என்றால் பயம். பீரங்கிக்குப் பயப்படாதவன் பல்லியைப் பார்த்தால் கட்டிலில் ஏறி நிற்பான். கணக்கில் எப்போதும் முட்டை. ஒரு தடவை அப்பாவோடு இன்ஜினில் ஏறிப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனவன், அங்கே ஸ்டேஷனில் ஒரு நாய்க்குட்டியைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்று அழுதான். வாத்தியார் எழுதுவதை நிறுத்திவிட்டு, "எங்க ஸ்டேஷன்லயா?" என்றார். "உங்க ஸ்டேஷன்லதான்." அக்காவைப் பற்றி இவர் கேட்டார். அக்கா கடையில் ஒரு பட்டன் கேட்டால் பத்துப் பட்டனை எடுத்துப் போட்டு, எது பொருந்தும் என்று வாடிக்கையாளரோடு சண்டை போடுவாளாம். இரண்டு பேரும் சிரித்தார்கள். விசில்காரர் கூடைகளைப் பற்றிச் சொல்லலாமென்று ஒரு கணம் வாயைத் திறந்தார். பிறகு, "இன்னொரு டீ குடிங்க," என்றார்.

வாத்தியார் எழுதிய பக்கத்தை ஒரு மாதம் கழித்து மருமகள் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள். மாலை போடும் கூட்டங்களில் பெரியவனைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் அவனை ஒரு சிங்கமாக்கித்தான் பேசியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பல்லிக்குப் பயந்த ஓர் இளைஞன் இருந்தான். விசில்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எழுதத் தெரிஞ்ச ஆளுதான்," என்றார்.

அச்சுக்குப் போகும் முன் பாடத்தைப் பிள்ளைகளிடம் நடத்திப் பார்க்க வேண்டும் என்று குழு சொல்லியிருந்தது. அதே சுங்கச் சாவடியின் கீழ்க்கூடத்தில் பெஞ்சு போட்டார்கள். இக்கரை எட்டாம் வகுப்பில் பாதி, அக்கரை எட்டாம் வகுப்பில் பாதி. முதலில் இரண்டு கூட்டமும் இரண்டு பக்கமாக உட்கார்ந்தன. "இது கல்யாண வீடு இல்ல, பொண்ணு வீட்டார் மாப்பிள்ளை வீட்டார்னு பிரிஞ்சு உட்கார. கலந்து உட்காருங்க," என்றாள் மருமகள். பிள்ளைகள் கூச்சத்தோடு நெளிந்து கலந்தன. பின்வரிசையில் கல்வி அதிகாரிகள் நாலைந்து பேர், மில்காரர் உட்பட இரு ஊர்ப் பெரியவர்கள் சிலர். சின்னவனும் விசில்காரரும் கதவோரம்.

இரண்டு ஆசிரியர்களும் மாறி மாறி நடத்தினார்கள். இக்கரைப் பிள்ளை ஒன்று எழுந்து சந்தையைப் பற்றிப் படித்தது. அக்கரைப் பிள்ளை ஒன்று எழுந்து ரயில் நிலையத்தைப் பற்றிப் படித்தது. தனக்குத் தெரிந்த மருமகள்தானா இவள் என்று விசில்காரருக்கு இருந்தது. குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் ஒரு பிள்ளைகூட ஜன்னலைப் பார்க்கவில்லை.

"கேள்வி இருந்தா கேளுங்க," என்றாள்.

அக்கரைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். இரட்டைப் பின்னல், ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது. "டீச்சர், சுட்டவங்களுக்கு அது சந்தைன்னு தெரியுமா?"

மருமகள் அக்கரை வாத்தியாரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். "அது எங்களுக்குத் தெரியல," என்றாள். "ரெண்டு பேரும் விசாரிச்சோம். அந்த மேட்டுல இருந்த யாரும் இன்னைக்கு உயிரோட இல்ல. தெரியாததை நாங்க எழுத முடியாது."

நியாயமான பதில். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சிறுமி உட்காரவில்லை, ஏமாற்றத்தோடு நின்றாள். விசில்காரரின் கை தானாகக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"எனக்குத் தெரியும்," என்றார்.

எல்லாத் தலையும் திரும்பியது. சின்னவன், "அப்பா..." என்று அவர் கையைப் பிடித்தான். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"பாப்பா, அந்த பீரங்கிகிட்ட நின்னவங்கள்ல ஒருத்தன் என் பையன். சுடும்போது தெரியாது. லாரின்னு சொல்லியிருக்காங்க. சுட்டதுக்கப்புறம் தொலைநோக்கியில பார்த்திருக்கான். காய்கறிக் கூடை கிடந்துச்சுன்னு என்கிட்ட வந்து சொன்னான்." அவர் குரல் தாழ்ந்திருந்தது, அவ்வளவு தாழ்ந்து அவர் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. "போர்னா அப்படித்தான்னு சொல்லி அனுப்பிட்டேன். அவன் பேச வந்தான். நான் பேச விடல."

சிறுமி அவிழ்ந்த பின்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்புறமும் சுட்டாரா?"

"சுட்டான்மா. சுடச் சொன்னாங்க, சுட்டான். அவனும் செத்துட்டான்."

இக்கரைப் பையன் ஒருவன், மில்காரரின் பேரன்தான், கையைத் தூக்காமலே கேட்டான். "அப்போ அவர் வீரர் இல்லையா? எங்க தெருவுல அவர் பேர் இருக்கே?"

விசில்காரர் அவனைப் பார்த்தார். இந்தக் கேள்வியைத்தானே இத்தனை வருஷமும் தன்னிடமே கேட்டுக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தார்!

"நல்ல பையன்டா அவன். ஊரைக் காப்பாத்தத்தான் போனான். அவன் போட்ட குண்டுல இந்த வாத்தியாரோட அக்கா செத்தாங்க. என் பையன்னு சொல்லிக்க எனக்கு இன்னைக்கும் பெருமைதான். அந்த அம்மாவை நினைச்சா தூக்கம் வரல, அதுவும் நிஜம்தான். நீ பேர் வச்சுக்கோ, மாலை போடு. ஆனா இதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போடு."

அக்கரை வாத்தியார் கரும்பலகைக்குப் பக்கத்திலிருந்து வந்தார். பிறகு தன் நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்து, தோளில் கை வைத்தபடி பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "எங்க அக்காவுக்கு என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியும். ஏன் நடந்ததுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது," என்றார். நீட்டி இழுக்கும் அந்தப் பேச்சு உடைந்து உடைந்து வந்தது.

மருமகள் அழவில்லை. அவள் செய்தது வேறு. சாக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் அந்தச் சிறுமியின் கேள்வியை எழுதினாள். கீழே மில்காரர் பேரனின் கேள்வியை எழுதினாள். "இந்த ரெண்டும் பாடத்துல சேரும். பதிலையும் ஐயா சொன்ன மாதிரியே போடுவோம், அவர் சரின்னா. இன்னும் கேளுங்க," என்றாள். பிள்ளைகள் கேட்கத் தொடங்கின. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. யார் எந்தக் கரை என்று கடைசியில் பேச்சின் இழுவையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பாலத்து முனையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது சின்னவன்தான் முதலில் பேசினான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ப்பா." "சொல்லியிருக்கணும்டா," என்றார் விசில்காரர். மருமகள் அவருடைய குடையை வாங்கித் தான் பிடித்துக்கொண்டாள்.

அவ்வளவு சுலபமாக எல்லாம் முடியவில்லை. அதிகாரி ஒருவர் நான்காம் பாடத்தையே எடுத்துவிடலாம் என்றார். இரண்டு ஆசிரியர்களும், அது இல்லாத புத்தகத்தில் தங்கள் பெயர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்றப் பத்துப் பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அக்கரையில் வாத்தியார் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. இங்கே தெருவில் சிலர் விசில்காரரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஏறி நடந்தார்கள். அவர் அவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தார். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் போக எவராலும் முடியவில்லை. மில்காரர் பேரன் தாத்தாவிடம் என்ன கேட்டானோ, மில்காரர் ஒரு நாள் தானாக வந்து, "பாடத்தைப் படிச்சேன். திட்ட ஒண்ணும் கிடைக்கல," என்று முறைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகம் வந்தது. இரண்டு நாட்டிலும் ஒரே அட்டை, ஒரே பக்க எண். மறுவருஷம் வேறு எங்கெங்கோ தூரத்து நாடுகளிலிருந்து, தங்களுக்குள் சண்டை போட்டு ஓய்ந்த ஊர்களிலிருந்து, ஆசிரியர்கள் ஒரு கூட்டமாக வந்து இறங்கினார்கள். நான்காம் பாடத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். அவர்களுக்குப் புரியும்படி மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆள். மருமகளின் வகுப்பில் பின்பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பிள்ளைகளைப் போலவே குறிப்பெடுத்தார்கள்.

வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்றபோது, நரைத்த கிராப்புத் தலையோடு ஓர் அம்மாள் விசில்காரரிடம் வந்து ஏதோ கேட்டாள். மொழிபெயர்ப்பவர் சொன்னார்: "அவங்க ஊர்லயும் ரெண்டு பக்கம் இருக்காம். இப்படி ஒரு டீச்சரை எங்க பிடிச்சீங்கன்னு கேட்கிறாங்க."

விசில்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பள்ளிக்கூடம், வாசல், தெரு எல்லாம் கேட்கும்படி சொன்னார்: "என் வீட்டு மருமகங்க! ஆனா ஒண்ணு, அவங்க ஊர்லயும் இப்படி ஒருத்தரை நல்லாத் தேடிப் பார்க்கச் சொல்லுங்க. இருப்பாங்க."

மொழிபெயர்ப்பவர் சொல்லி முடிக்கும் முன்பே, ஏதோ புரிந்ததுபோல் அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். வகுப்பிலிருந்து வெளியே வந்த மருமகள் அங்கிருந்தே கை காட்டினாள். "மாமா, அவங்களுக்குக் காது நல்லாவே கேட்கும்!"